ஹெரால்டின் பின்னங்கால்

காரில் இன்ஜினைப் பற்றிப் பேசினால் கேட்க நாலு பேர் வருவார்கள். டிஃபரன்ஷியல் என்று ஆரம்பித்தால் கூட இருப்பவர் கைப்பேசியை எடுத்துக்கொள்வார். அழுக்கும் ஆயிலுமாக வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புப் பூசணிக்காய், அதற்கு என்ன வரலாறு இருக்கப் போகிறது என்று நினைப்பு. இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு கிளை இங்கிலாந்தில் கவென்ட்ரியில் தொடங்கி, நம்ம வண்டலூர் வழியாகப் போகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

பி.காம். படித்துவிட்டு வங்கியில் வாகனக் கடன் ஃபைல் தள்ளுகிறவனுக்கு டிஃபரன்ஷியல் எதற்கு என்பீர்கள். உண்மையில் இது கணக்குப்பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியும் சமாசாரம். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் போட்டால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தே தீரும். டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது? இடது சக்கரத்தின் சுற்று, வலது சக்கரத்தின் சுற்று இரண்டையும் கூட்டினால், நடுவில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் சுற்றைப் போல் சரியாக இரண்டு மடங்கு வரும்படி பார்த்துக்கொள்கிறது. ஒரு பக்கம் பத்து கூடினால் மறுபக்கம் பத்து குறைய வேண்டும். பற்றும் வரவும் போல எப்போதும் டேலி ஆகும். இதற்கு 1827-லேயே பாரிஸில் ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை வாங்கிவிட்டார். பெட்ரோல் கார் பிறக்க இன்னும் அறுபது வருஷம் பாக்கி.

சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஜிடி6 என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்கள் பல வருஷங்களாக ஒரு வேலை செய்துவருகிறார்கள். சொந்த டிஃபரன்ஷியலைக் கழற்றிவிட்டு, ஜப்பானிய சுபாரு காரின் டிஃபரன்ஷியலைப் பொருத்துகிறார்கள். அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளை, அதாவது டிரைவ்ஷாஃப்ட்டுகளை, அளவெடுத்துப் புதிதாகச் செய்துகொள்கிறார்கள். கேட்டால் ஒரு நாள் வேலை போல இருக்கும். ஆனால் ஏன் செய்ய வேண்டியிருக்கிறது, செய்தால் என்னவெல்லாம் மாற்ற வேண்டும் என்று நூல் பிடித்துப் போனால் 1950-களுக்குப் போய்விடுவோம்.

ஸ்டாண்டர்ட் டிரையம்ப் கம்பெனி ஐம்பதுகளில் ஒரு சிறிய குடும்பக் கார் செய்ய நினைத்தது. அப்போது உலகமே தனிச் சட்டம் இல்லாத, உடலும் சட்டமும் ஒன்றேயான மோனோகாக் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆனால் இவர்களுக்கு உடல் செய்துகொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. எனவே பழைய முறைப்படி தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் பல இடங்களில் செய்து வந்த உடல் துண்டுகளை போல்ட் போட்டு மாட்டுவது என்று முடிவெடுத்தார்கள். வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு. ஆனால் துண்டு துண்டாக மாட்டும் வண்டியை டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டுவது எளிது. நம்ம ஊருக்கு அது வந்த ரகசியம் பாதி இதில் இருக்கிறது.

1959-ல் வந்த அந்தக் கார்தான் டிரையம்ப் ஹெரால்ட். உருவம் இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்தது. தொழில்நுட்பப் பொறுப்பு ஹாரி வெப்ஸ்டர். 948 சிசி இன்ஜின், சுமார் 35 குதிரைசக்தி. சின்ன வண்டி என்றாலும் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அந்த விலையில் பிரிட்டிஷ் கார்களில் அப்போது அது பெரிய விஷயம். பின்பக்கம் அதைச் சிக்கனமாகச் செய்ய அவர்கள் பிடித்த வழிதான் ஸ்விங் ஆக்ஸில்.

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் அத்தனை தொல்லையும் இதில்தான் இருக்கிறது. டிஃபரன்ஷியல் பெட்டி சட்டத்தோடு அசையாமல் இறுக்கப்பட்டிருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயின்ட் (நம்மூர் பட்டறையில் கிராஸ் என்பார்களே, அதேதான்). அங்கிருந்து ஒரு தண்டு நேராகச் சக்கரத்துக்குப் போகும். சக்கரத்தின் பக்கம் ஜாயின்ட் கிடையாது. ஆக, தண்டு மேலும் கீழும் ஆடும்போது சக்கரமும் அதோடு சேர்ந்து சாயும். நாம் தோளிலிருந்து கையை நீட்டி மேலும் கீழும் ஆட்டினால் உள்ளங்கை எப்படிச் சாயுமோ அப்படி. டிஃபரன்ஷியலின் முதுகில், வண்டியின் குறுக்கே, ஒரு பட்டை ஸ்பிரிங். அதன் இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களைப் பிடித்திருக்கும்.

கவனித்தீர்களா? தண்டு இங்கே ஒரு வேலை மட்டும் செய்யவில்லை. இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. சக்கரம் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்றும் அதுவே முடிவு செய்கிறது. டிஃபரன்ஷியல் பெட்டியும் அப்படித்தான், பல்சக்கரங்களுக்கு வீடு, ஸ்பிரிங்குக்குத் திண்ணை. குறைந்த சம்பளத்தில் மூன்று ஆள் வேலை வாங்கும் கிளை போல. சிக்கனம்தான். ஆனால் அந்த ஆளை மாற்றல் செய்தால் கிளையே நின்றுவிடும்.

ஹெரால்டை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பின் சக்கரங்கள் இரண்டும் தொங்கி, அடிப்பக்கம் உள்ளே மடங்கி, படுக்கப் போகும் மாடு காலை மடக்கிக்கொள்வது போல நிற்கும். நின்ற வண்டியில் அது வேடிக்கை. ஓடும் வண்டியில், வேகமான வளைவில், பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பாகம் மேலே எழும். வெளிப்பக்கச் சக்கரம் அதேபோல உள்ளே மடங்கப் பார்க்கும். மடங்க மடங்க வண்டி இன்னும் எழும், டயரின் பிடிப்பு குறையும், பின்பாகம் வெளியே வீசிக்கொண்டு போகும். காலை எடுத்தால் ஆபத்து குறையும் என்றுதான் எந்த ஓட்டுநரும் நினைப்பார். இங்கே அதுதான் ஆபத்தைக் கூட்டும்.

இந்தக் குணம் டிரையம்புக்கு மட்டும் சொந்தமில்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு இருந்தது, பழைய மெர்சிடிஸ்களுக்கு இருந்தது. அமெரிக்காவில் செவ்ரோலே கார்வேர் காரின் ஸ்விங் ஆக்ஸிலை வைத்துத்தான் ரால்ஃப் நேடர் 1965-ல் கார் கம்பெனிகளை நடுத்தெருவில் நிறுத்தினார். (1972-ல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு அமைப்பு, அந்தக் கால மற்ற கார்களைவிட கார்வேர் மோசமில்லை என்று சொன்னது. ஆனால் அதற்குள் கார்வேர் உற்பத்தியே நின்றுபோயிருந்தது.)

35 குதிரைசக்தி ஹெரால்டில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர் இந்த எல்லையைத் தொடவே மாட்டார். டிரையம்ப் அங்கே நிறுத்தவில்லை. அதே சட்டத்தைக் குட்டையாக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்று இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவந்தார்கள். 1966-ல் அதற்குக் கூரை போட்டு, இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்து ஜிடி6 என்றார்கள். 95 குதிரைசக்தி. பின்னங்கால் மட்டும் அதே ஹெரால்ட் பின்னங்கால். 35-க்குப் போட்ட அஸ்திவாரத்தில் 95. எங்கள் பாஷையில் சொன்னால், அடமானச் சொத்தை மறுமதிப்பீடு செய்யாமலே கடன் வரம்பைக் கூட்டிக்கொண்டே போன கதை.

பத்திரிகைகள் திட்டின. 1968-ல் ஜிடி6 மார்க் 2 வந்தபோது டிரையம்ப் ஒழுங்காகவே ஒரு மாற்றம் செய்தது. சக்கரத்துக்குக் கீழே தனியாக ஒரு விஷ்போன் கை. மேலே அதே பட்டை ஸ்பிரிங் இன்னொரு கை. தண்டின் நடுவில் ரோட்டோஃப்ளெக்ஸ் என்கிற ரப்பர் வளையம், அறுகோண வடிவில், மெதுவடை போல. மூன்று போல்ட் ஒரு பக்கத் தண்டைப் பிடிக்கும், மூன்று போல்ட் மறுபக்கத்தை. ரப்பர் வளைந்து கொடுப்பதால் தண்டு மடங்கலாம், நீளமும் கொஞ்சம் கூடிக் குறையலாம். லோட்டஸ் எலான் காரில் 1962 முதலே இதே வளையங்கள் இருந்தன. இப்போது சக்கரத்தைப் பிடிக்கும் வேலை தண்டிடமிருந்து போய்விட்டது. தண்டு சுற்றினால் போதும்.

ஓட்டுவதற்கு ஜிடி6 வேறு வண்டியாகிவிட்டது. ஆனால் ரப்பர் ரப்பர்தானே. வெடிக்கும், பிளக்கும், சுற்றிக்கொண்டே கிழியும். மாற்றுவதும் சள்ளை பிடித்த வேலை. கம்பெனிக்கும் செலவு அதிகம். ஸ்பிட்ஃபயருக்கு இந்த உபசாரமே கிடைக்கவில்லை. அதற்கு 1970-ல் மலிவான ஒரு தந்திரம் செய்தார்கள். பட்டை அடுக்கில் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவை நடுவில் ஊஞ்சல் போல அசையும்படி விட்டார்கள். சக்கரம் மடங்கும் பழக்கம் பெருமளவு அடங்கியது. கடைசியில் 1973-ல் ஜிடி6-க்கும் ரப்பரை எடுத்துவிட்டு இதையே போட்டார்கள். அந்த வருஷமே ஜிடி6 முடிந்தது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை ஓடியது. என் கட்சி ஊஞ்சல் பட்டைதான். நல்ல பொறியியல் எது என்று கேட்டால் விஷ்போன்தான் பதில், மறுக்கவில்லை. ஆனால் காசில்லாத கம்பெனி, இருப்பதை வைத்து ஒரு ஆபத்தைத் தீர்த்தது என்றால் எனக்கு அதில்தான் மரியாதை.

இனி நம் மாற்று உறுப்பு சிகிச்சை. பழைய டிரையம்ப் வைத்திருப்பவர் ஏன் வேறு காரின் டிஃபரன்ஷியலைத் தேடுகிறார்? முதல் காரணம், அந்தப் பெட்டி சிறியது. இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கிவிட்டாலோ, வேறு நவீன இன்ஜினை வைத்தாலோ பல் முறியும், உள்ளே இருக்கும் வாஷர்கள் தேயும், ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் பின்னாலிருந்து டொக் என்று சத்தம் வரும். இரண்டாவது, ஸ்விங் ஆக்ஸில் வண்டியில் தண்டு சக்கரத்தருகே முறிந்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. சக்கரம் முனைத்துண்டோடு வெளியே போய்விடும். மூன்றாவது, நல்ல நிலையில் பழைய பெட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஏன் சுபாரு? 1967-ல் வந்த டாட்சன் 510 காரில் நிஸான் கம்பெனி ஆர்160 என்ற டிஃபரன்ஷியலைப் பயன்படுத்தியது. 160 என்பது உள்ளே இருக்கும் கிரவுன் சக்கரத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இதே ஜாதியில் ஆர்180, ஆர்200 என்று அண்ணன்மார்களும் உண்டு. 1968-ல் நிஸானும், சுபாருவைச் செய்யும் ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸும் கூட்டுச் சேர்ந்தன. ஆர்160 குடும்பம் சுபாருவின் நான்கு சக்கர இழுவைக் கார்களின் பின்பக்கத்துக்கும் போனது. அந்தக் கார்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கில் விற்று, விபத்திலோ துருவிலோ முடிந்து, பழைய இரும்புக் கிடங்குகளுக்கு வந்துசேர்ந்தன. விலை மலிவு. பெட்டி உறுதி. சிலவற்றில் லிமிடெட் ஸ்லிப் வசதியும் இருக்கும், அதாவது ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றினாலும் மறு சக்கரத்துக்குக் கொஞ்சம் சக்தி போகும். சரியாகச் சட்டத்தோடு இறுக்கும் வகை, இரண்டு பக்கமும் தண்டுக்கு வாய். டிரையம்புக்கு வேண்டியது இதுதான்.

ஆனால் எந்தப் பெட்டியையும் எடுத்து மாட்டிவிட முடியாது. விகிதம் பார்க்க வேண்டும். ஸ்பிட்ஃபயர் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 926 சுற்று. நாலாவது கியர் நேரடி கியர். டிஃபரன்ஷியல் விகிதம் 3.89 என்றால் இன்ஜின் 3,600 சுற்று. ஜிடி6-ன் 3.27 என்றால் 3,030. சுபாரு கிடங்கில் அதிகம் கிடைக்கும் 4.11 என்றால் 3,800-ஐத் தாண்டும். 4.44 என்றால் 4,100. நெடுஞ்சாலையில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. ஆகவே 4.11 போடுகிறவர் 0.8 விகிதத்தில் ஐந்தாவது கியர் உள்ள கியர்பாக்ஸும் தேடுவார். அப்போது 3,045-க்கு இறங்கிவிடும். ஒன்றை மாற்றினால் அடுத்ததை மாற்ற வேண்டும். சம்பந்தி வீட்டு விருந்து மாதிரி, ஒரு தலைவாழை இலைக்கு அளவெடுக்கப் போய் பந்தலையே மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும் :-)

இப்போது அந்த மூன்று ஆள் வேலையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய பெட்டியை எடுத்தவுடன் பட்டை ஸ்பிரிங் உட்கார இடமில்லை. சுபாரு பெட்டியின் முதுகில் அதற்கான இடம் கிடையாது. எனவே பெட்டிக்கு மேலே ஒரு பாலம் செய்து சட்டத்தில் பொருத்தி, ஸ்பிரிங்கை அதில் உட்கார வைக்க வேண்டும். அல்லது பட்டையையே துறந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங் போட வேண்டும். சட்டத்தில் பெட்டியைப் பிடிக்கும் இடங்களும் வேறு. முன்னால் வரும் நீளத் தண்டின் நீளமும் ஃபிளேஞ்ச் ஓட்டைகளும் வேறு. பெட்டியின் மூக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். கிராஸ் ஜாயின்ட் மடங்கிய நிலையில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் வேகம் கூடிக் குறையும். தண்டின் இரண்டு முனை கோணங்களும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் குறையை மற்றது அடைக்கும். இல்லையென்றால் எண்பதில் வண்டி நடுங்கும்.

அடுத்தது டிரைவ்ஷாஃப்ட். இங்கேதான் பெரும்பாலானவர்கள் பணத்தை எண்ணி வைக்கிறார்கள். உள்முனை சுபாருவின் பல்வரிசைக்குப் பொருந்த வேண்டும், வெளிமுனை டிரையம்ப் ஹப்புக்கு. எந்தத் தொழிற்சாலையும் அப்படி ஒரு தண்டு செய்ததில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கார் பிறக்கவே இல்லை. எனவே செய்விக்க வேண்டும். கிராஸுக்குப் பதில் இரு முனையிலும் சி.வி. ஜாயின்ட். மடங்கினாலும் வேகம் மாறாத ஜாயின்ட் என்று அர்த்தம். 1926-ல் பிரான்சில் கிரெகுவாரும் ஃபெனாயும் டிராக்டா என்று ஒன்று செய்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் செப்பா இரும்புக் குண்டுகளை வைத்து இன்னொன்று செய்தார். 1959-ல் வந்த மினியின் முன்சக்கரங்களில் குண்டு வகை ஜாயின்ட் வேலை செய்தது. இன்று நம் மாருதிகளின் முன்சக்கரத்தில் கருப்பு ரப்பர் உறைக்குள் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். கவென்ட்ரிக்காரர்கள் 1968-ல் ரப்பர் வடையைக் கட்டிக்கொண்டு அழுததற்குக் காரணம் அறிவு இல்லாமை அல்ல. விலை.

அளவெடுப்பது பொறுமையான வேலை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கர ஹப்பை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக, முழுக்கத் தொங்கும் நிலையிலிருந்து முழுக்க அமுங்கும் நிலைவரை ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு முனைக்கும் இடையே தூரத்தைக் குறிக்க வேண்டும். மிகக் குறைந்த தூரத்தில் தண்டு பெட்டியின் அடியை முட்டக் கூடாது. மிக அதிக தூரத்தில் ஜாயின்ட்டிலிருந்து உருவிக்கொள்ளக் கூடாது. உள்பக்க ஜாயின்ட் நீளத்துக்கு இழுத்துக் கொடுக்கும், ஆனால் வெளிப்பக்கத்தது போல அவ்வளவு மடங்காது. பெட்டி நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் இடது தண்டும் வலது தண்டும் வேறு வேறு நீளம். பிறகு உயர்ரக எஃகுக் கம்பியைக் கடைந்து, முனையில் பல்வரிசை வெட்டி, சூடேற்றிக் கடினப்படுத்த வேண்டும். தாங்குமா என்று பார்க்கக் கணக்கு இருக்கிறது. இன்ஜின் முறுக்கு 150 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 2.65, டிஃபரன்ஷியல் 3.27 என்றால் பெருக்கி வருவது 1,300. ஆளுக்குப் பாதி, ஒரு தண்டுக்கு 650. விகிதத்தை 4.11 ஆக்கினால் அதே இன்ஜின் ஒரு தண்டை 800-க்கு மேல் முறுக்கும். இரண்டு பழைய தண்டுகளை வெட்டி நடுவில் வெல்டு வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன்.

இதில் ரோட்டோஃப்ளெக்ஸ் ஜிடி6 வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி. அவர் வண்டியில் சக்கரத்தைப் பிடிக்க ஏற்கனவே விஷ்போன் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர்காரர் சி.வி. தண்டை மட்டும் மாட்டினால், நீளம் கூடிக் குறையும் அந்தத் தண்டு சக்கரத்தைப் பிடிக்காது. சக்கரம் அம்போ. முதலில் அவர் விஷ்போன் கட்டி, சக்கரத்துக்கு வேறு பிடிமானம் தர வேண்டும். அதாவது டிரையம்ப் 1968-ல் ஜிடி6-க்குச் செய்ததை, ஸ்பிட்ஃபயருக்குச் செய்ய மறுத்ததை, சொந்தக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் செய்கிறார்.

இப்படி மாற்றினால் அது அசல் காரா என்று முகம் சுளிக்கும் கூட்டம் உலகமெங்கும் உண்டு. அவர்களுக்கு ஏ.சி. கோப்ரா கதையைத்தான் சொல்ல வேண்டும். ஏ.சி. ஏஸ் என்று 1953 முதல் ஒரு சாதுவான இங்கிலீஷ் கார். அதற்கு இரண்டு லிட்டர் இன்ஜின் தந்துவந்த பிரிஸ்டல் கம்பெனி 1961-ல் கையை விரித்தது. அமெரிக்கப் பந்தயக்காரர் கரோல் ஷெல்பி அந்த வருஷம் செப்டம்பரில் கடிதம் போட்டு, ஃபோர்டு வி8 இன்ஜினை அதில் வைக்கலாம் என்றார். வைத்தார்கள். பழைய இ.என்.வி. டிஃபரன்ஷியல் அந்த முறுக்குக்குத் தாங்காது என்பதால் சால்ஸ்பரி கம்பெனியின் பெட்டிக்கு மாறினார்கள். ஜாகுவார் இ டைப்புக்குப் பெட்டி கொடுத்த அதே சால்ஸ்பரி. இன்று கோடிகளில் ஏலம் போகும் அசல் கோப்ரா என்பதே இரவல் இன்ஜினும் இரவல் இனத்து டிஃபரன்ஷியலும்தான். கம்பெனி வாசலுக்குள் செய்தால் வரலாறு, வீட்டுக் கொட்டகையில் செய்தால் கெடுதலா என்ன?

அரசாங்கத்துக்கு ஒரு கருத்து உண்டு. பிரிட்டனில் பல வருஷம் புள்ளி முறை இருந்தது. பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க எட்டுப் புள்ளி வேண்டும். மாற்றம் செய்யாத சட்டத்துக்கு ஐந்து, சஸ்பென்ஷனுக்கு இரண்டு, ஆக்ஸில்களுக்கு இரண்டு, கியர்பாக்ஸ் வகைக்கு இரண்டு, ஸ்டீயரிங்குக்கு இரண்டு, இன்ஜினுக்கு ஒன்றே ஒன்று. சட்டத்தின் ஐந்து கட்டாயம். சுபாரு பெட்டியை உட்கார வைக்கச் சட்டத்தை வெட்டினால் ஐந்தும் போச்சு, காரின் அடையாளமும் போச்சு. அதனால்தான் கெட்டிக்காரர்கள் வெட்டாமல், போல்ட் போட்டு மாட்டும் தாங்கிகளாகவே செய்தார்கள். 2025 ஆகஸ்டில் இந்தக் கெடுபிடியைத் தளர்த்தினார்கள்.

வண்டலூருக்கு வருவோம். அங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் ஹெரால்டைச் செய்தது, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில். பிரிட்டனில் இரண்டு கதவு, நம் கூட்டுக்குடும்பங்களுக்காகப் பின்னாளில் இங்கே நான்கு கதவு. டாக்டர்கள், வக்கீல்கள், எங்கள் பெரியப்பா போன்ற மிராசு மிச்சங்கள் வாங்கினார்கள். ஆனால் நம் சாலைக்கும் பட்டறைக்கும் ஸ்விங் ஆக்ஸில் ஒத்துவரவில்லை, வாங்கியவருக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குக்கும் பிடிக்கவில்லை. 1972-ல் அதே கம்பெனி கெஸல் என்று புதுப் பெயரில் காரைக் கொண்டுவந்தபோது பின்னங்காலை முழுதாக மாற்றியது. அம்பாசடரில் இருப்பது போல, ஒரே குழாய்க்குள் டிஃபரன்ஷியலும் தண்டும் அடங்கிய திட ஆக்ஸில். இங்கிலாந்து ரப்பர் வடை வழியில் போனது, ஊஞ்சல் பட்டை வழியில் போனது. சென்னை அறுபது வருஷம் பின்னால் போய் ஒரு முழு இரும்பு ஆக்ஸிலைப் போட்டுப் பிரச்சினையை முடித்தது. பொறியியல் புத்தகத்தில் இது பின்னடைவு. திண்டிவனம் ரோட்டில் இது முன்னேற்றம். (அதே கம்பெனி 1985-ல் ரோவர் உடலுக்குள் அந்தக் காலத்து வேன்கார்டு இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 விற்றது. அந்த சிகிச்சையில் நோயாளி பிழைக்கவில்லை.) கெஸல் 1977-ல் நின்றது.

பெரியப்பாவின் ஹெரால்ட் இன்னும் திருச்சியில் கொட்டகையில் நிற்கிறது. அவர் மகன், அதாவது என் அண்ணன், போன மாதம் புனேக்கு ஃபோன் செய்தான். பழைய வேன் ஒன்றின் ஆக்ஸிலைப் போட்டு ஓட்டிவிடலாம் என்று பட்டறைக்காரர் சொல்கிறாராம். "நீதான் வண்டிக் கடன் ஆபீசர் ஆச்சே, ஆர்.டி.ஓ.-வில் ஒன்றும் சொல்ல மாட்டார்களே?" என்றான்.

சொல்வார்கள். வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊரில் தாத்தா வண்டியைப் போர்த்தி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால் எழுதிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே சொன்னது. இன்னொரு பக்கம், 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயதைத் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, எண்ணில் 'வி.ஏ.' எழுத்துகள், பத்து வருஷம் செல்லும். நிபந்தனை, வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும், சட்டம், உடல், இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. வண்டலூரில் செய்த ஹெரால்ட் எல்லாம் ஐம்பதைத் தாண்டிவிட்டன. கடைசி வருஷத்து கெஸலுக்கு 2027-ல் ஐம்பது.

அண்ணனிடம் பழைய பெட்டியையே பிரித்து பேரிங், வாஷர், இரண்டு கிராஸ் மாற்றச் சொன்னேன். 35 குதிரைசக்திக்கு அது போதும். பிரித்து வைத்திருக்கிறார்கள். கிரவுன் பினியன் பற்கள் நன்றாக இருப்பதாக நேற்று படம் அனுப்பினான்.